கைப்பையில் இருந்த பெயர்

நிரூசன்,

இதை நின்றபடி வாசிக்காதே. பெட்டிகளை ஒட்டிக் கட்டுகிற வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு உட்கார். வதனியையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள். நீ மட்டும் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதென்றால் நான் எழுதியதில் ஒரு பிரயோசனமும் இல்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று பஸ் நிறுத்தம்தான் இருக்கிறது, வாயால் சொன்னால் என்ன என்று கேட்பாய். வாயால் சொல்லத்தான் இரண்டு வருடமாக வந்து வந்து, வதனி தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன். வன்கூவருக்குப் போகப்போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாக்சி வந்துவிடும். இனி எனக்குத் தவணை இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே கொண்டுவந்து உன் கதவுப் பெட்டிக்குள் போடுகிறேன். தபாலில் போடு என்று என்னை நம்பித் தந்ததை நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை நான் உன் குசினியில் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் அறைக்குள் சண்டை பிடித்தது எனக்குக் கேட்டது. மறைந்து நின்று கேட்கவில்லை, அந்தச் சுவர் அப்படி. வதனி தன் தகப்பனின் படத்தைப் பெட்டிக்குள் வைக்கப்போய்த் தொடங்கினாள். "என்ரை அப்பா பேத்தியின்ரை முகத்தைக் காணாமல் செத்தது ஆராலை? நீங்கள் பிள்ளையின்ரை பிறப்பைப் பதியிற அந்தப் போமை நேரத்துக்குப் போட்டிருந்தால் நாங்கள் லண்டனுக்குப் போயிருப்பம்." நீ சத்தம் போட்டாய். "ஐஸ் மழையிலை தபால் துலைஞ்சு போச்சு எண்டு எத்தினை தரம் சொல்லுறது? அம்மாட்டைக் குடுத்தனான். அவ போட்டவ." அவள் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "மறந்துபோய் எங்கையோ போட்டிட்டு இப்ப அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுறியள். அவ உங்களை விட்டுக் குடுப்பாவோ?" அந்தக் கோபத்தோடு நீ குசினிக்குள் வந்து, "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. போட்டனீங்கள்தானே?" என்று கேட்டாய். என் கையில் பேப்பர் சுற்றின கோப்பை இருந்தது. "ஓம் தம்பி, போட்டனான்" என்றேன். வதனி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். உனக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். பொய்தான், ஆனால் உனக்காக இல்லை.

நான் போடவில்லை, நிரூசன். நீ தந்தாய், நான் வாங்கினேன், போடவில்லை. உன் மேல் ஒரு பிழையும் இல்லை. வதனி, இந்த வரியை நீ இரண்டு முறை வாசி.

ஏன் போடவில்லை என்று சொல்ல உன் பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதிலும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நாங்கள் மொன்றியலுக்கு வந்த முதல் வருடம், பிரெஞ்சு படிப்பிக்கிற வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் அர்த்தத்தை எழும்பிச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. தையல் தொழிற்சாலையால் வந்து நான் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாய். "அம்மா, என்ரை பேருக்கு என்ன அர்த்தம்?" நான் ஒரு கணம் யோசித்துவிட்டு "ஒளி குறையாதவன்" என்றேன். அதை நீ பிரெஞ்சில் பாடமாக்கிப் போய்ச் சொன்னாய், வகுப்பே கை தட்டியதாம். கலியாண அழைப்பிதழ் அடிக்கும்போதுகூட அந்த அர்த்தத்தை வதனிக்குப் பெருமையாகச் சொன்னாய், நான் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அப்படி ஓர் அர்த்தம் எந்த அகராதியிலும் இல்லை, ராசா. நீ பிறந்தபோது சாத்திரியார் 'நி' என்ற எழுத்தில் தொடங்கச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டினால் எட்டு வரவே கூடாது என்றும் சொன்னார். அப்பாவும் நானும் ஒரு பின்னேரம் முழுவதும் எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கண்டுபிடித்தது உன் பெயர். எண் சரிவந்ததும் எழும்பிப் போய்ச் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினோம். அர்த்தம் என்று ஒன்று வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிலேயே வரவில்லை. அந்த நாளில் எங்கள் பகுதியில் அந்தப் பெயர் உனக்கு மட்டும்தான். சொந்தக்காரர் வாயில் நுழையவில்லை என்று சிரித்தார்கள். இப்போது டொலார்ட் முருகன் கோயிலில் நான் "நிரூசன்" என்று கூப்பிட்டால் நாலு வயதில் மூன்று பொடியன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உன் மகள் மார்கழியில், டிசம்பர் நடுவில், பிறந்தாள். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே ஸ்காபரோவில் இருக்கிற சாத்திரியாருக்கு நான் ரெலிபோன் எடுத்துவிட்டேன். ரேவதி நட்சத்திரம், 'தே' எழுத்து, 'தேனுஜா' என்றால் எண்ணும் அந்த மாதிரி என்றார். அதை நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த தீட்டு நீங்குகிற துடக்குக் கழிவு முப்பத்தோராம் நாள். அன்றைக்குத்தான் பிள்ளையின் காதில் பெயர் சொல்வது. அதற்கு முதல் பெயரை வெளியில் விடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அப்பா இல்லாத வீட்டில் அதைச் சரியாகச் செய்து முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அந்த நேரம் பார்த்து நீ நூல்நிலையத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, லெய்லானி எண்டு வைக்கப்போறம்" என்றாய்.

"அது என்ன பேர்? வேதக்காரப் பேரோ?" என்று கேட்டேன். ஹவாய்ப் பெயர் என்றாய். புத்தகத்தை விரித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாய். லெய் என்றால் மாலை, லானி என்றால் வானம், வானத்து மாலை. அந்தத் தீவுகளில் பெண்பிள்ளைகளுக்கு விரும்பி வைக்கிற பெயர், வீதிக்கு ஒரு லெய்லானி இருப்பாள், இந்தப் பக்கம் மட்டும் அரிது என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வானத்திலை மாலை தொங்குமோ? எங்கடை பாசையிலை மாலை இல்லையோ? மாலினி இருக்கு, மாலதி இருக்கு. கடல் கடந்து போய் ஆரின்ரையோ பேரைக் கொண்டு வாறியள்" என்றேன். "அங்கை ஊருக்கெல்லாம் பொதுப் பேர், இங்கை ஒருத்தருக்கும் விளங்காத பேர். என்ன கோதாரிக்கு இது?" என்றேன். நீ புத்தகத்தை மூடிவிட்டு, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு, அம்மா" என்று மட்டும் சொன்னாய். வதனி பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன். என் வாய்க்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன், கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

புது வருடத்துக்கு முதல் நாள் நீ அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தாய். பெயர் எழுதியிருந்தது. உன் கையெழுத்தும் வதனியின் கையெழுத்தும் இருந்தன. சாட்சியின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "நீங்களே சாட்சிக்கு வையுங்கோ, அம்மா. வைச்சிட்டு வேலைக்குப் போகேக்கை பெட்டியிலை போட்டு விடுங்கோ. முப்பது நாளுக்குள்ளை போய்ச் சேர வேணுமாம்" என்றாய். முப்பது நாள். அரசாங்கத்துக்கு முப்பது, எங்களுக்கு முப்பத்தொன்று. அந்த ஒரு நாள் எனக்குள் நின்று பிடுங்கியது. காதில் சொல்வதற்கு முதல் கடதாசியில் பதிந்துவிட்டால் பிறகு காதில் சொல்லி என்ன? முப்பத்தோராம் நாள், நாலு சொந்தக்காரர் நிற்க, விளக்குக்கு முன்னால் நான் தேனுஜா என்று சொல்லிவிட்டால் நீ சபையில் என்னை மறுக்கமாட்டாய் என்று கணக்குப் போட்டேன். வேறு படிவம் நிரப்பலாம், ஒரு நாள் பிந்தினால் தலையா போய்விடும் என்று எனக்கு நானே சொன்னேன். "வை, போடுறன்" என்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் தபால் பெட்டி. ஒவ்வொரு நாளும் விடிய அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன்.

பிறகு ஐஸ் மழை வந்தது. உங்கள் பக்கம் கரண்ட் போய், சின்னப் பிள்ளையோடு குளிரில் இருக்க முடியாமல் என் வீட்டுக்கு வந்தீர்கள். சென்ட் லோரன்டில் எங்கள் வீதிக்கு மட்டும் எப்படியோ வெளிச்சம் இருந்தது. வெளியில் மரக்கொப்புகள் முறிந்து விழுகிற சத்தம், உள்ளே நாலு பேர் ஒரு சின்ன வீட்டில். கதவுக்குப் பின்னால் ஆணியில் என் கைப்பை தொங்கியது. அந்தக் கிழமை முழுக்க நான் அந்தப் பையைப் பார்த்தபடியே சமைத்தேன். ஒரு நாள் மத்தியானம் வதனி பிள்ளைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவள், "மாமி, உங்கடை பையிலை சேப்டிப் பின் இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே எழும்பி அதில் கை வைத்துவிட்டாள். நான் அடுப்பிலிருந்த அகப்பையோடு பாய்ந்து போய்ப் பையைப் பறித்தேன். "என்ரை பையை ஒருத்தரும் திறக்கிறேல்லை" என்று கத்தினேன். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. வதனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பொல்லாத மாமி என்று நினைத்திருப்பாள். அன்றைக்குப் பையைத் திறக்க விட்டிருந்தால், வதனி, உன் அப்பா உன் மகளைக் கண்டிருப்பார்.

முப்பத்தோராம் நாள் வீதிகள் கொஞ்சம் வெளித்திருந்தன. வரக்கூடியவர்கள் வந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும் நான் முந்திக்கொண்டு குனிந்து பிள்ளையின் காதில் "தேனுஜா" என்று மூன்று முறை சொன்னேன். நிமிர்ந்து பார்க்கிறேன், நீ எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "லெய்லானி" என்றாய். ஒரு முறைதான் சொன்னாய். அன்றைக்கு வைத்த பிடிவாதம்தான், அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்லி நான் உன் மகளைக் கூப்பிட்டதில்லை. குஞ்சு என்பேன், செல்லம் என்பேன், பிள்ளை என்பேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள், ஆனால் கேட்கவில்லை.

அடுத்த நாள் விடிய தபால் பெட்டிக்கு முன்னால் நின்று படிவத்தை வெளியில் எடுத்தேன். சத்தியமாகப் போடத்தான் எடுத்தேன். அப்போதுதான் சாட்சியின் இடத்தில் நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று கண்டேன். இன்றைக்கு வைத்துப் போட்டால் பிந்திப் போனது தெரிந்துவிடும், நீ என்னைக் கேட்பாய், வதனிக்கு முன்னால் நான் குனிந்து நிற்க வேண்டும். பஸ் வந்தது. படிவம் திரும்பப் பைக்குள் போனது. பிழையை மறைக்க நினைக்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கஷ்டம், நிரூசன். முதல் நாள் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மூன்றாம் கிழமை அதற்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. உனக்கு வதனியிடம் சொல்ல ஏதாவது இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. திட்டுவாள், ஒரு நேரம் சாப்பாடு தரமாட்டாள், அவ்வளவுதான்.

லண்டனில் வதனியின் அப்பா நோயில் வருத்தமாக இருப்பது எனக்குத் தெரியும். எவ்வளவு கடுமை என்று தெரியாது. நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூறைச் சேலையின் நிறத்தில் தொடங்கிய முறுகல் அந்தச் சம்பந்தி வீட்டோடு எனக்குத் தீரவே இல்லை. மாசியில், பெப்ரவரி தொடக்கத்தில், நீ பிறப்புப் பதிவுக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து, அப்படி ஒரு படிவமே வரவில்லை என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு ரிசீவரைப் பிடித்தபடி நின்றாய். "அம்மா, போட்டனீங்கள்தானே?" முதல் தரம் கேட்டது அன்றைக்குத்தான். "ஓம், போட்டனான்." ஐஸ் மழை என்று நீயே காரணம் கண்டுபிடித்தாய். நான் தலையாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு வைத்து வேறு படிவம் நிரப்பி நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். அது பதிவாகி, பிறகு பிறப்புச் சான்றிதழ் வந்து, அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டு, பங்குனி ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையின் பாஸ்போர்ட் கையில் வந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை வதனியின் அப்பா போய்விட்டார். என் பைக்குள் கிடந்து பிந்தியது நாலு கிழமைக்கு மேல். தவறியது மூன்று நாள். இந்தக் கணக்கை நான் பஸ்ஸில் போட்டிருக்கிறேன், தையல் மெஷினுக்கு முன்னால் போட்டிருக்கிறேன், ஒரு முறையும் வேறு விடை வரவில்லை.

செத்தவீட்டுக்குப் போய் வந்த பிறகு வதனி என் குசினிக் கதிரையில் உட்கார்ந்து சொன்னதை நீ வேலையில் இருந்ததால் கேட்கவில்லை. "மாமி, பேர் எங்கை எடுத்தது எண்டு உங்களுக்கு நாங்கள் சொல்லேல்லை. அது அப்பா வைச்ச பேர். உங்களுக்குத் தெரிஞ்சால் சம்பந்தி வைச்ச பேர் எண்டு வேண்டாமெண்டு சொல்லுவியள் எண்டு அவர்தான் புத்தகத்தைக் காட்டினவர்." அவர் என்றது உன்னை. அவளுடைய அப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் ஹவாயில் இறங்கியவராம். ஒரு மனிசன் தன் சின்ன மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு துறைமுகத்தில் நின்றானாம். பிள்ளை இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்ததாம். என்ன பெயர் என்று கேட்டதற்கு லெய்லானி என்று சொல்லி, எங்கள் பாசையில் பிள்ளையையும் மாலை என்றுதான் சொல்வோம், இப்படிக் கழுத்தில் கிடப்பதால் என்று விளங்கப்படுத்தினானாம். வதனி பிறந்தபோது அந்தப் பெயரை வைக்க அவருடைய வீட்டில் விடவில்லையாம். "கடைசிக் காலத்திலை ரெலிபோனிலை எடுத்து எடுத்து ஒண்டுதான் கேட்டவர், மாமி. என்ரை மாலை எப்ப வருது எண்டு." சொல்லிவிட்டு என் தோளில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன். படிவத்தை மறைத்த அந்தக் கையால்தான் தடவினேன். அந்த நேரமும் சொல்லவில்லை.

எனக்கு வயது போகிறது, அதைக் காட்டி மன்னிப்புக் கேட்கவில்லை. நீ என்னோடு கோபிக்கலாம், கோபித்தால்தான் எனக்கும் சரி. ஆனால் வன்கூவருக்குப் போய் ஒரு புது வீட்டில், அவள் உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டும் நீ தபாலைக் குற்றம் சொல்லிக்கொண்டும் இருக்க நான் இங்கே நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. என் மகனுக்கு அர்த்தம் இல்லாத ஒரு பெயரை வைத்துவிட்டு ஒரு பொய் அர்த்தம் சொன்னேன். தன் மகளுக்கு அர்த்தமுள்ள ஒன்றை அவன் கொண்டுவந்தபோது அதைப் பையில் பூட்டி வைத்தேன். வதனி, நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. உன் புருசன் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் நம்பு.

சனிக்கிழமை நீங்கள் சண்டை பிடித்து முடித்த பிறகு நான் நிலத்தில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். உன் மகள் பின்னால் வந்து என் முதுகில் ஏறி, இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது. இறங்கு குஞ்சு, இறங்கு என்றேன். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எனக்கு அந்தத் துறைமுகத்து மனிசன் நினைவுக்கு வந்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

இதோடு அந்தப் படிவத்தையும் வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, உங்கள் இரண்டு பேரின் கையெழுத்தும் அப்படியே இருக்கின்றன. சாட்சியின் இடத்தில் இன்றைக்கு என் பெயரை எழுதியிருக்கிறேன். அது இனி எந்தக் கந்தோருக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து உங்கள் வெளிப்படிக்குக் கீழே நிற்பேன். மணி அடிக்க மாட்டேன். வதனி கதவைத் திறந்தால் மேலே வருவேன். திறக்காவிட்டால் டாக்சி வரும்வரை கீழேயே நிற்பேன், நீங்கள் ஏறும்போது லெய்லானி என்று கூப்பிடுவேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்க மட்டும் விடுங்கள்.

அம்மா